முதலில் எந்த இருவர்

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். பின்னால் சாயாமல் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. சரிசெய்யச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலிக் காலைத் திருத்த எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விசாரித்தால், அது உங்கள் விசாரணையைவிட நீளமாகப் போய்விடும்.

ஒலிப்பதிவுக் கருவி அங்கேயே இருக்கட்டும். என் குரல் மெதுவானது, ஆனால் தெளிவாகக் கேட்கும். முப்பத்து மூன்று ஆண்டுகள் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பேசிப் பழகியவன். கடைசி வரிசையில் யாராவது இருந்தார்களா என்பது வேறு விஷயம். இந்த ஆண்டு என் வகுப்பில் நான்கு பேர். அவர்களில் ஒரு பெண் அறை மாறி வந்து உட்கார்ந்துவிட்டு, எழுந்து போகக் கூச்சப்பட்டுக்கொண்டு ஆண்டு முழுவதும் இருந்துவிட்டாள். அவள்தான் முதல் மதிப்பெண்.

விசாரணைக் குழுவிடம் நான் சொன்னது எல்லாம் உண்மை. நான் ஓட்டுப் போடவில்லை. போட எனக்கு உரிமையும் இல்லை. எந்த விதியையும் மீறவில்லை. விதிகளை எழுதியவனே நான்தான். கோப்பை மூடப்போவதாகச் சொல்கிறீர்கள். மூடுவதற்கு முன் "உங்களுக்குச் சொல்ல வேறு ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டீர்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு வெகுநாள் ஆகிறது. அதனால் சொல்கிறேன்.

என் துறையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பல பேருக்குப் பல விருப்பம். அவற்றையெல்லாம் கூட்டி, 'எல்லோருடைய விருப்பம்' என்று ஒன்றை நியாயமாக உருவாக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. முடியாது என்பதை விதவிதமாக நிரூபித்துத்தான் நாங்கள் சம்பளம் வாங்கினோம்.

நாங்கள் என்றால் நானும் சுருட்டையும். தலையில் ஒரு முடி இல்லாமல் போன பிறகும் அவன் எல்லோருக்கும் சுருட்டைதான். இருவரும் ஒரே வாரத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். அந்த மாதமே துறையின் ஓய்வறைக்கு வண்ணம் அடிப்பது பற்றி ஒரு கூட்டம். பதினைந்து ஆசிரியர்கள், மூன்று கட்சி: நீலம், பச்சை, வெள்ளை. துறைத் தலைவர் எழுந்து, "நீலமா, பச்சையா?" என்று கேட்டார். கைகளை எண்ணினார். நீலம் வென்றது. "சரி, நீலமா, வெள்ளையா?" வெள்ளை வென்றது. அவர் புத்தகத்தை மூடப்போனபோது சுருட்டை கையைத் தூக்கினான்.

"வெள்ளையா பச்சையான்னும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்."

"பச்சைதான் தோத்துப்போச்சே தம்பி. தோத்தவனை எதுக்குத் திரும்பக் கூப்பிடணும்?"

கூட்டம் முடிந்ததும் அவன் நடைவழியில் ஒவ்வொருவராக மடக்கி விசாரித்தான். கேட்டிருந்தால் பச்சை வெள்ளையை வென்றிருக்கும். நீலம் பச்சையை வெல்கிறது, பச்சை வெள்ளையை வெல்கிறது, வெள்ளை நீலத்தை வெல்கிறது. வட்டம். வட்டம் வந்துவிட்டால் முதலில் எந்த இரண்டைக் கேட்கிறோம் என்பதுதான் முடிவு. முதல் ஜோடியில் சேராமல் காத்திருப்பது கடைசியில் வந்து வென்றுவிடும். தலைவர் வெள்ளைக் கட்சி. அவருக்குக் கணக்கு தெரியாது, ஆனால் முப்பது ஆண்டுக் கூட்டங்கள் தெரியும்.

அன்று சாயங்காலம் இந்த அறையில், இந்தக் கரும்பலகைக்கு முன்னால் ஆரம்பித்ததுதான் எங்கள் வேலை. புதன்கிழமை பிற்பகல் இருவருக்கும் வகுப்பு இல்லை. வாரா வாரம் வருவான். அவன் எழுதுவான், நான் அழிப்பேன். நான் எழுதுவேன், அவன் சிரிப்பான். நான்கு ஆண்டுகளில் ஒரு தேற்றம் கிடைத்தது. கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மூன்று அளவுகோல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வட்டம் வராது. ஆகவே தலைமை தாங்குபவன் அயோக்கியனாகவே இருந்தாலும் அவனால் முடிவை வளைக்க முடியாது. இதுதான் தேற்றம். எங்கள் இருவர் பெயராலும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. ஏழு படிகள் கொண்ட நிரூபணம். மூன்றாவது படி என்னுடையது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இருந்தது, பிறகு அடுத்த ஆண்டுகள் குறைந்துபோயின. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. எதிர்வீட்டுக்காரர் பதினெட்டு ஆண்டுகளாக என்னைப் பார்த்தால் தலையசைப்பார். ஒருமுறை மின்தூக்கி நின்றுபோய் நாற்பது நிமிடம் இருவரும் உள்ளே இருந்தோம். அப்போதும் தலையசைத்தார். குறை சொல்லவில்லை. ஒரு மனிதனுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் போதும். எனக்குப் போதுமாக இருந்தது.

மருத்துவமனை எங்களைக் கூப்பிட்டது ஆறு ஆண்டுகளுக்கு முன். இந்த வட்டாரம் முழுவதற்கும் டயாலிசிஸ் இயந்திரங்கள் பன்னிரண்டுதான். சிறுநீரகம் பழுதானவர்களோ அதைப்போல் பல மடங்கு. ஓர் இடம் காலியானால் யாருக்குக் கொடுப்பது என்பதில் சண்டை, சிபாரிசு, வராந்தாவில் அழுகை. நியாயமான முறை ஒன்று வேண்டும் என்றார்கள். எங்கள் தேற்றத்தை வைத்து நான் முறையை எழுதிக் கொடுத்தேன். ஏழு உறுப்பினர்கள்: மருத்துவத் தரப்பில் மூன்று பேர், நிர்வாகத்தில் இரண்டு பேர், பொதுமக்கள் சார்பில் இரண்டு பேர். காத்திருப்போரில் முதல் மூவரின் விவரம் முன்னதாகவே அவர்களுக்குப் போகும். அளவுகோல் மூன்று: உடல்நிலை, குடும்பப் பொறுப்பு, தவறாமல் வர முடியுமா என்பது. கூட்டத்துக்கு முதல் நாள் ஒவ்வொருவரும் மூவரையும் வரிசைப்படுத்தி, மூடிய உறையில் ஆலோசகரிடம் கொடுப்பார்கள். மறுநாள் ஆலோசகர் இருவர் இருவராகப் பெயர் சொல்லிக் கேட்பார். கையைத் தூக்க வேண்டும். ஆலோசகருக்கு ஓட்டு கிடையாது.

ஆலோசகர் நான். சுருட்டை வரவில்லை. "எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் வரும் டா, நீ போ" என்றான். அந்த அறையில் ரத்தம் எதுவும் இல்லை. நீள மேசை, ஏழு கண்ணாடித் தம்ளர், ஜன்னலுக்கு வெளியே துணி துவைக்கும் பகுதியின் புகைபோக்கி. அவ்வளவுதான்.

முதல் இரண்டு ஆண்டுகள் பிரச்சினை இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு கூட்டம் முடிந்து, வீட்டில் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். ஏழு வரிசைகளும் சேர்ந்து வட்டம். அகரவரிசைப்படி முதல் இரண்டு பெயரை நான் முதலில் கேட்டிருந்தேன். வேறு இரண்டைக் கேட்டிருந்தால், தோற்றுப்போன அச்சகத் தொழிலாளி வென்றிருப்பார். அவர் அடுத்த மாதம் இறந்தார்.

உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். எனக்கு இருக்கவில்லை. மூன்றாவது படியில் ஓட்டை இருப்பது எனக்கு முப்பதாவது வயதிலிருந்தே தெரியும். கட்டுரை அச்சுக்குப் போன மறு வாரம் கண்டுபிடித்தேன். அளவுகோல் ஒன்றாக இருந்தாலும், எதற்கு முதலிடம் என்பதில் மூன்று தரப்பும் மூன்று விதமாகச் சுழன்று நின்றால் வட்டம் வரும். அபூர்வம்தான். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் தூங்கினேன். சுருட்டையிடம் சொல்லவில்லை. என் மற்ற வரிகளில் தப்புத் தேடுபவன் அந்தப் படியை மட்டும் சரிபார்க்காமல் விட்டான், அவ்வளவு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உறைகளைக் கூட்டத்துக்கு முன்பே பிரித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். விதியில் அதற்குத் தடை இல்லை. இன்னும் இரண்டு முறை வட்டம் வந்தது. ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஆய்வக உதவியாளருக்கு இடம் கிடைக்கும்படி வரிசை வைத்தேன். நல்ல பெண், மூவரில் இளையவள். இன்னொரு முறை ஒரு பூட்டுத் திறப்பவர். அறுபத்தெட்டு வயது. மற்ற இருவருடனும் குடும்பமே வந்து வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றது. இவரோடு யாரும் வரவில்லை. யாராவது ஒருவர் அவர் பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் இன்னும் இருக்கிறார். நான் செய்ததை நல்லதுக்கு என்றுதான் வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு முறையும் தோற்றவர்கள் நால்வர். அவர்களைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

போன ஆண்டு துறைக்கு ஒரு புது விரிவுரையாளர் வந்தாள். முப்பது வயது இருக்கும். துறுதுறுவென்று கேள்வி கேட்பாள். ஒரு புதன்கிழமை சுருட்டை வரவில்லை. போன் செய்து, "இன்னைக்கு ஒரு சின்ன வேலை, அடுத்த வாரம் பாப்போம் டா" என்றான். அடுத்த வாரமும் சின்ன வேலை. மூன்றாவது வாரம் நான் நூலகத்துக்குப் போகும் வழியில் அவள் அறையைக் கடந்தேன். கதவில் ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. உள்ளே பலகை நிறைய எழுத்து. அவன் சாக்பீஸும் கையுமாக நின்றான். அவள் எதையோ அழித்தாள். அவன் சிரித்தான்.

நான் நூலகத்துக்குப் போய், எடுக்க வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வேறு வழியாகத் திரும்பினேன்.

ஒரு மாதம் கழித்து அவனே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"டேய் நீதிபதி, நம்ம தேற்றம் ஓட்டை டா." எதற்கெடுத்தாலும் நான் இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்ப்பேன் என்று எனக்கு அவன் வைத்த பெயர் நீதிபதி.

"எங்க?" என்றேன்.

"மூணாவது படியில. அந்தப் பொண்ணுதான் பிடிச்சா. முப்பது வருஷமா ஒருத்தன் பாக்கல, நான்கூடப் பாக்கல. என்னன்னு சொல்றது போ. ரெண்டு பக்கத்துல ஒரு திருத்தம் எழுதிட்டோம். உன் பேரையும் போட்டுரலாம்ல?"

"வேண்டாம். நீங்க ரெண்டு பேர் எழுதினது."

"கோவமா?"

"எதுக்குக் கோவம்? உண்மைதானே."

"அதில்ல டா, ஆஸ்பத்திரிக்காரங்க இதை நம்பித்தானே இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லணும்ல?"

"சொல்லலாம். நான் பாத்துக்கறேன்."

அவன் போய்விட்டான். புதன்கிழமைகளைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பான் என்று நினைக்கிறேன். அவன் அப்படிப்பட்டவன். கேட்டு வரவழைப்பதற்கும் தானாக வருவதற்கும் இருக்கிற வித்தியாசம் எங்கள் துறையில் அளக்கப்படுவதில்லை.

அதற்குப் பிறகு எட்டு வாரம் புதன் பிற்பகல்களில் நான் இங்கேயே இருந்தேன். நான்கு மணிக்குத் துப்புரவு செய்பவர் வருவார். "இன்னைக்கும் தனியாவா சார்?" என்பார். பலகையைத் துடைக்கலாமா என்று கேட்பார். பலகையில் ஒன்றும் இருக்காது.

பிறகுதான் அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. கால் வீங்கியது, முகம் ஊதியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். அவன் மனைவி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. அப்பாவோடுதான் இருந்தாள். அவனைவிட நான் நான்கு மாதம் மூத்தவன், அதனால் அவளுக்கு நான் பெரியப்பா. அடுத்த டயாலிசிஸ் பிரிவு ஆறு மணி நேரத் தொலைவில் இருந்தது. வாரம் இரண்டு முறை அவனை வண்டியில் போட்டு அழைத்துப் போனாள். போய் வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான். இதே ரீதியில் அதிகம் போனால் இரண்டு மாதம் என்று மருத்துவர் அவளிடம் சொன்னார். அவள் என்னிடம் சொன்னாள்.

இங்கே ஓர் இடம் காலியானது. காத்திருந்த முதல் மூவரில் அவன் ஒருவன். மற்ற இருவர், ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ஒரு தையல்காரப் பெண்.

நான் விலகிக்கொள்ள முன்வந்தேன். அதுவும் பதிவில் இருக்கிறது. "நீங்கதான் ஓட்டே போடறதில்லையே சார், உங்களைவிட நேர்மையா யாரு நடத்துவா?" என்றார் நிர்வாகி. எல்லோரும் ஆமோதித்தார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன் அவனைப் பார்க்கப் போனேன். படுக்கையில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லலதானே?" என்றான்.

"நேரம் கிடைக்கல."

"எனக்குத் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இந்தத் தடவை வட்டம் வந்தாலும் வரும். வந்தா எனக்காக வரிசையை மாத்தாத டா. நீ மாத்துவ, எனக்குத் தெரியும். வேண்டாம்."

"அப்பா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரும்மா. அந்த ரெண்டு பேருக்கும் வீட்டுல ஆளுங்க இருக்காங்கல்ல. டேய், மூணு சீட்டு எழுதிப் போடு. எந்த ரெண்டு பேரை முதல்ல கேக்கணும்னு சீட்டு சொல்லட்டும். எது வருதோ அது. சரியா?"

"சரி," என்றேன்.

"சத்தியமா?"

"என்ன சின்னப் பிள்ளையாட்டம். போடறேன் டா."

அவன் கையை நீட்டினான். பிடித்தேன். வீங்கியிருந்தது, என் விரல் பட்ட இடம் குழியாகி, மெதுவாக நிரம்பியது. கிளம்பும்போது வாசலில் அந்த விரிவுரையாளர் ஒரு கட்டுப் புத்தகத்தோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். "சார், திருத்தத்தை ஏத்துக்கிட்டாங்க. அவர்கிட்ட சொல்லத்தான் வந்தேன்" என்றாள். நல்லது என்றேன். உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. என்னோடு பேசியபோது இல்லாத தெம்பு அதில் இருந்தது.

உறைகள் வந்தன. வட்டம்தான். மருத்துவத் தரப்பு மூவருக்கும் சுருட்டைக்கு முதலிடம், காரணம் அவன் இதயம் பலமானது. அடுத்து ஓட்டுநர், கடைசியில் தையல்காரப் பெண். பொதுமக்கள் தரப்பு இருவருக்கும் ஓட்டுநர் முதலில், நான்கு பிள்ளைகள். அடுத்து அந்தப் பெண், கடைசியில் சுருட்டை. நிர்வாகத்துக்கு யார் தவறாமல் வருவார்கள் என்பதே முக்கியம். மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தையல்காரப் பெண் முதலில், சுருட்டை இரண்டாவது, ஊருக்கு வெளியே இருக்கும் ஓட்டுநர் கடைசி.

கூட்டத்தில் முதலில் சுருட்டையையும் ஓட்டுநரையும் கேட்டேன். ஐந்துக்கு இரண்டு, சுருட்டை வென்றான். பிறகு சுருட்டையையும் தையல்காரப் பெண்ணையும் கேட்டேன். நான்குக்கு மூன்று, அந்தப் பெண் வென்றாள். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு மருத்துவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "உங்க நிலைமையில நான் இருந்தா என்னால முடிஞ்சிருக்காது" என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

அன்று மதியமே நேரில் போய் அவனிடம் சொன்னேன். போனில் சொல்வது சரியில்லை என்று தோன்றியது.

"எத்தனை?" என்றான்.

"நாலுக்கு மூணு."

"கடைசியில யாரோட?"

"தையல்காரம்மாவோட."

கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான். கணக்குப் போடுகிறான் என்று எனக்குத் தெரியும். பிறகு, "அப்ப அந்த ரெண்டு பேரையும் எதிர் எதிரா கேக்கவே இல்ல" என்றான்.

"இல்ல."

"சீட்டுப் போட்டியா?"

"போட்டேன்."

"சரி டா," என்றான். "அப்ப நியாயம்தான்." என் கையைத் தட்டிக் கொடுத்தான்.

என் படியை அவன் சரிபார்க்காமல் விட்டது வாழ்நாளில் இரண்டு தடவை. இது இரண்டாவது.

ஏழு வாரத்தில் இறந்தான். ஓட்டுநர் அதற்கு நான்கு வாரம் பின்னால். அவருக்காக யாரும் விசாரணை கேட்கவில்லை. தையல்காரப் பெண் நன்றாக இருக்கிறார். வாரம் மூன்று முறை வருகிறார், ஒருநாளும் தவறியதில்லை. நிர்வாகத்தின் கணிப்பு சரி. திருத்தம் பத்திரிகையில் வந்தது, அவன் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு. ஒருவரும் எனக்கு எழுதவில்லை. ஓட்டையை அடைக்க ஒரு சின்ன நிபந்தனையைச் சேர்த்தால் போதும் என்று அதிலேயே அவன் எழுதியிருந்தான். தேற்றம் இன்னும் எங்கள் பெயரிலேயே இருக்கிறது. ஆகவே, நான் அந்தத் திருத்தத்துக்குப் பயந்து செய்தேன் என்று உங்கள் கோப்பில் ஓரிடத்தில் இருப்பது தவறு. அடித்துவிடுங்கள்.

மகள் வந்தது மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை. என் வீட்டுக்கு அவள் அதுவரை வந்ததில்லை. வாசலில் நின்றாலே முழுதும் தெரிகிற என் இரண்டு அறை வீட்டைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"ஏழு பேருக்கும் போன் பண்ணேன் பெரியப்பா. எல்லாரும் யாரை எங்க வச்சாங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் மனசு உறுத்துது போல."

"சொல்லு."

"ஓட்டுநரையும் அந்தம்மாவையும் முதல்ல கேட்டிருந்தா ஓட்டுநர் ஜெயிச்சிருப்பாரு. அப்புறம் அப்பாவும் ஓட்டுநரும். அப்பா ஜெயிச்சிருப்பாரு."

"ஆமாம்."

"மூணுல ஒரு வரிசையிலதான் அப்பா பொழைப்பாரு. அந்த ஒண்ணு வரல." அவள் தாளை மடித்தாள். "உங்களை நான் குத்தம் சொல்லல. அப்பாவே அப்படித்தான் கேட்டாரு. நீங்க மாத்தியிருந்தா அவரு உங்களை மன்னிச்சிருக்க மாட்டாரு. ஆனா நான் நினைச்சேன், நீங்க எப்படியும் மாத்திடுவீங்கன்னு. சொல்லாம மாத்திடுவீங்கன்னு நினைச்சேன் பெரியப்பா. அதான் அன்னைக்கு நான் வாயைத் திறக்கல."

தேநீர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நிஜமாவே சீட்டுப் போட்டீங்கல்ல?" என்றாள். போட்டேன் என்றேன். என் முகத்தை அவள் நெடுநேரம் பார்த்தாள். மறுநாள்தான் உங்களுக்குப் புகார் எழுதினாள். என் பதிலில் அவளுக்கு எது பொய்யாகப் பட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை.

சீட்டுப் போட்டது உண்மை. கூட்டத்தன்று காலை ஒன்பதரை மணிக்கு, இந்த மேசைமேல். ஒரே அளவில் மூன்று தாள் கிழித்து, மூன்று ஜோடிகளையும் எழுதி, மடித்து, பேனா வைக்கும் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தேன். பிரித்தேன். ஓட்டுநர், தையல்காரப் பெண்.

அவன் பிழைத்துவிட்டான். என் தயவு இல்லாமலே.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவனுக்கு உடம்பு தேறும், வாரம் மூன்று முறை இயந்திரம், மற்ற நாட்களில் அவள் அறையின் பலகை. இன்னும் பத்து ஆண்டுகள். நான் இந்த அறையில் இருப்பேன், நான்கு மணிக்குத் துப்புரவு செய்பவர் வருவார். மனதில் கோபம் எதுவும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளை மடித்து டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். திரும்பவும் அதே ஜோடி. அப்படி வருவதற்கு ஒன்பதில் ஒரு வாய்ப்பு. அதையும் மடித்து உள்ளே போட்டேன். மூன்றாவது முறை எடுத்ததில் சுருட்டை, ஓட்டுநர் என்று இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினேன். மூன்றாவது முறையும் வேறு ஜோடி வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்கள் முகம் கேட்கிறது. வரும்வரை குலுக்கியிருப்பேன். எனக்கு அவசரம் இல்லை, கூட்டம் பதினொரு மணிக்குத்தான்.

நான்தான் செய்தேன். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வருத்தப்படுகிறேனா என்று கேட்கிறீர்கள். போன மாதம் ஒரு புதுக் கட்டுரையை முடித்தேன். நாற்பது பக்கம். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்லது என்று நினைக்கிறேன். இந்த மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் படித்து, சிரித்து, இந்த இடம் தப்பு டா என்று சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். என்னை இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போகும் முன் அவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.